எந்தப் படத்தை வைத்துக் கட்டுவது? திருகோணமலைக் கட்டட வேலைகளில் பைல் பகிரும் ஒழுங்கு

நிலாவெளியில் ஒரு சிறு விடுதி எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடக்கலைஞர் கொழும்பில் இருப்பார். கட்டமைப்புப் பொறியியலாளர் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம். நில அளவையாளரின் கந்தோர் திருகோணமலை நகரில், ஒப்பந்தக்காரர் கிண்ணியாவில், பணம் போடுபவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ. கொழும்புக்கும் இங்கேக்கும் இடையில் சுமார் 260 கிலோமீற்றர். எல்லோரும் ஒரே மேசையில் கூடுவது வேலை தொடங்கும்போது ஒருதரம், முடியும்போது ஒருதரம். இடையில் நடப்பதெல்லாம் ஓட்டோகேட் என்ற வரைமென்பொருளின் டிடபிள்யூஜி, பிடிஎஃப், எக்செல் அளவைப்பட்டியல், சைற் புகைப்படம், வாட்ஸ்அப் குரல் பதிவு என்று பைல்களாகத்தான் ஓடுகிறது.

இந்த ஓட்டத்தில் பணம் கரைவது பெரும்பாலும் பழைய படத்தை வைத்துக் கட்டுவதால். தரைத்தளத்தில் ஒரு தூணின் நெடுங்கம்பி 12 மில்லிமீற்றரிலிருந்து 16க்கு மாறுகிறது. பொறியியலாளர் புதிய படத்தை அனுப்பிவிட்டார். ஒப்பந்தக்காரரும் அதைப் போனில் திறந்து பார்த்துவிட்டார். கம்பி கட்டுபவரின் கையில் இருப்பதோ போன மாதம் அச்சடித்த ஏ3 தாள். கொங்கிறீட் போட்ட பிறகு கண்டுபிடித்தால் தூணைச் சுற்றி மேலதிகக் கம்பியும் கொங்கிறீட்டுமாக ஜக்கெட் கட்ட வேண்டும், இல்லையென்றால் உடைக்க வேண்டும். கணக்கிலும் வேலைத்திறனிலும் ஒரு குறையும் இல்லாமலே நட்டம் வந்துவிடுகிறது. அதனால் எந்த மென்பொருள் வாங்குவது என்று யோசிக்க முன்பு, "இன்றைக்குக் கட்ட அனுமதியுள்ள படம் எது, அது எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்குச் சைற்றில் நிற்கும் எவரும் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய நிலையை உண்டாக்குங்கள். கீழே வருவதெல்லாம் அந்த ஒரு பதிலுக்காகத்தான்.

நாலு போல்டர், ஒரு திறப்பு

2018இல் வந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலை, ஒரு படம் நாலு நிலைகளைக் கடக்கும் என்று வகுத்திருக்கிறது: வரைந்துகொண்டிருப்பது, மற்றவர்களோடு பகிர்ந்தது, கட்டுவதற்கு வெளியிட்டது, காலாவதியாகிக் காப்பகத்துக்குப் போனது. பெரிய கொம்பனிகள் இதற்கென்றே மென்பொருள் வாங்குகின்றன. பத்து அறை விடுதிக்கோ இரண்டு மாடி வீட்டுக்கோ அது தேவையில்லை. கூகிள் ட்ரைவில் 1, 2, 3, 4 என்று எண்ணிட்ட நாலு போல்டர் போதும். போல்டர் போடுவது ஐந்து நிமிட வேலை. யாருக்கு எந்த உரிமை கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது போல்டர் வரைபவருக்கு மட்டும். இரண்டாவதைக் கட்டடக்கலைஞர், பொறியியலாளர், மின்சாரம், குழாய் வேலை பார்ப்பவர்கள் ஒருவருடையதை ஒருவர் பார்த்துப் பொருத்துவதற்கு வைத்துக்கொள்வார்கள். அதில் இருப்பதைக் கொண்டு யாரும் ஒரு கல்லும் வைக்கக்கூடாது. மூன்றாவதுதான் சைற்றுக்குரியது. ஒப்பந்தக்காரர், போர்மன், மேசன்மார் எல்லோருக்கும் இந்த ஒன்றின் லிங்கை மட்டும் கொடுங்கள், அதுவும் பார்ப்பதற்கான உரிமையோடு மட்டும். அவர்களிடம் இரண்டாவது போல்டரின் லிங்க் இருந்தால் அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்துக் கட்டத்தான் செய்வார்கள்.

மூன்றாவது போல்டருக்குள் பைல் போடும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அனுபவமுள்ள படவரைஞரோ சைற் எஞ்சினியரோ, யாராகவும் இருக்கலாம். அவர் லீவில் போனால் உரிமை வெளிப்படையாக இன்னொருவருக்கு மாற வேண்டும். இருவருக்கும் ஒன்றாகக் கொடுத்தால், ஒருவர் சி02 என்ற புதிய ரிவிஷனை (திருத்திய வடிவத்தை) உள்ளே போடுவார், பழைய சி01ஐ அவர் எடுக்கவில்லை என்று மற்றவருக்குத் தெரியாது. போல்டரில் ஒரே தாள் இரண்டு வடிவில் கிடக்கும். புதிய ரிவிஷன் உள்ளே போகும் அதே நேரத்தில் பழையது நாலாவது போல்டருக்குப் போய்விட வேண்டும். பின்னேரம் மாற்றலாம் என்று விட்டால் அந்த இடைவெளிக்குள் யாரோ பழையதை இறக்கி வைத்துவிடுவார்கள்.

கூகிள் ட்ரைவில் உரிமை மேல் போல்டரிலிருந்து கீழே இறங்கும். வேலையின் பெயரில் ஒரு பெரிய போல்டர் திறந்து, அதை எல்லோரோடும் பகிர்ந்துவிட்டு, அதற்குள் விலை போட்ட அளவைப்பட்டியலையும் வைத்தால் அதுவும் எல்லோருக்கும் திறந்துவிடும். விலை, ஒப்பந்தம், கட்டணப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை வேறு தலைப் போல்டரில், பெயர் குறித்த மின்னஞ்சல்களுக்கு மட்டும் கொடுங்கள். சைற் போல்டரை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று விடுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு பாஸுக்கும் கணக்குத் திறந்து கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

கணக்கு யாருடையது என்பதையும் முதல் நாளே தீருங்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் வேலை முழுவதும் கிடந்து, அவர் வேறு வேலைக்குப் போன பிறகு திறக்க முடியாமல் தவிப்பது நமது பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. வேலைக்கென்று தனிக் கணக்கு திறந்து, இரட்டைச் சரிபார்ப்புக்கு நிறுவன உரிமையாளரின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம், மின்னஞ்சலும் சேர்த்து. அது நிரம்பினால் அந்தக் கணக்குக்கு மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். இரண்டு வருடம் தொடாமல் கிடந்த கணக்கை அழிக்கவும் கூகிளுக்கு உரிமை உண்டு.

பெயரும் ரிவிஷனும்

பைல் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்: யூபிவி-ஏ-101-சி02. உப்புவெளி வேலை, கட்டடக்கலைப் படம், தாள் 101, கட்டுவதற்கான இரண்டாவது ரிவிஷன். ஏ கட்டடக்கலைக்கு, எஸ் கட்டமைப்புக்கு, ஈ மின்சாரத்துக்கு, பி குழாய் வேலைக்கு. ரிவிஷனில் பி01, பி02 என்பவை கட்டுவதற்கு முந்தியவை. சி01 என்று வந்தால்தான் கட்டலாம். 'பைனல்', 'நியூ பைனல்', 'லாஸ்ட்' என்ற பெயர்களை அறவே விடுங்கள். அவற்றில் எது பிந்தியது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தமிழ்ப் பெயரை வேண்டாம் என்பது கணினிக் காரணத்தால்தான். பைல்களைச் சுருக்கிக் கட்டும் பழைய சிப் (ஸிப்) மென்பொருள்கள் தமிழ் யுனிகோட் பெயர்களைக் குலைத்துவிடும். லினக்ஸில் ஓடும் நாஸ் (வலையமைப்பில் எல்லோரும் பகிரும் சேமிப்பகம்) பெட்டிகளில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிப்பதால் 85 குறியோடு இடம் முடிந்துவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸில் போல்டர்களையும் சேர்த்த முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் பைலைத் திறக்காது. போல்டருக்குள் போல்டராக ஏழெட்டு அடுக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீளப் பெயர் கொடுப்பவர்கள் இந்த எல்லையில்தான் முட்டுவார்கள். புகைப்படத்துக்கும் கூட்டக் குறிப்புக்கும் திகதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போடுங்கள். பட்டியல் தானாகக் காலவரிசையில் நிற்கும்.

ரிவிஷன் எண் பைல் பெயரில் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பிடிஎஃபில் கட்டாயம் வேண்டும். டிடபிள்யூஜியில் வேண்டாம். ஒரு டிடபிள்யூஜி மற்றொன்றை எக்ஸ்ரெஃப் (உள்ளே சேர்க்காமல் தொடுப்பாகக் காட்டும் வெளிப் படம்) ஆக இழுக்கும்போது பெயரைக் கொண்டுதான் தேடுகிறது. ஒவ்வொரு ரிவிஷனுக்கும் பெயர் மாறினால் பொறியியலாளரின் படத்தில் சுவர்கள் காணாமற்போகும், அல்லது அதைவிட மோசமாக, பழைய சுவரே தொடர்ந்து தெரிந்துகொண்டிருக்கும். டிடபிள்யூஜியின் பெயரை மாற்றாமல், பழைய பிரதியை மட்டும் ரிவிஷன் எண் சேர்த்துக் காப்பகத்தில் வையுங்கள்.

டிடபிள்யூஜி கை மாறும்போது

ஒரு வலையமைப்புக்குள், ஒரே கந்தோரில், பகிர்ந்த ட்ரைவில் வேலை செய்தால் ஓட்டோகேட் ஒரு பூட்டுப் பைலை உண்டாக்கும். இரண்டாவது ஆள் திறந்தால் 'படிக்க மட்டும்' என்று சொல்லும். ட்ரொப்பொக்ஸ், கூகிள் ட்ரைவ் போன்ற ஒத்திசைவுப் போல்டரில் அந்தப் பூட்டை நம்ப முடியாது. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிப் பிரதி இருக்கிறது, பூட்டுப் பைல் மற்றப் பக்கம் போய்ச் சேர முன்பே இருவரும் திறந்துவிடுவார்கள். இருவரும் சேமித்தால் 'முரண்பட்ட பிரதி' என்று ஒரு பைல் முளைக்கும், அல்லது பிந்திச் சேமித்தவரின் வேலை மட்டும் மிஞ்சும்.

இதற்கு நிலைத்த தீர்வு ஒரு பைலுக்கு ஒரு சொந்தக்காரர். கிரிட்டும் சுவரும் கட்டடக்கலைஞரின் பைலில், தூணும் பீமும் பொறியியலாளரின் பைலில், மின்சாரம் அதற்குரியவரின் பைலில். மற்றவருடையதை எக்ஸ்ரெஃப் ஆக அடியில் போட்டுப் பார்க்கலாம், அதற்குள் கை வைக்கக்கூடாது. எக்ஸ்ரெஃபை 'அட்டாச்' முறையில் போட்டால் ஒன்றுக்குள் ஒன்றாகத் தொடர்ந்து இழுபட்டு வரும். 'ஓவர்லே' முறையில் போட்டால் அந்தச் சங்கிலி அறும். துறைகளுக்கிடையே ஓவர்லே போதும். பாதையைச் சார்புப் பாதையாக வையுங்கள். முழுப் பாதையாக இருந்தால் உங்கள் கணினியில் இசட் ட்ரைவில் இருப்பதை அவரின் கணினி இசட்டில் தேடும், அங்கே அவருக்கு வேறு ஏதோ இருக்கும்.

வெளியே அனுப்பும்போது டிடபிள்யூஜியைத் தனியாக மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம். இ-டிரான்ஸ்மிட் கட்டளை எக்ஸ்ரெஃப், படங்கள், எழுத்துருக்கள், சிடிபி எனும் கோட்டுத்தடிப்பு பைல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சிப்பாகக் கட்டும். எழுத்துருக்களைச் சேர்க்கும் தெரிவை மட்டும் நீங்களே இயக்க வேண்டும். சிடிபி போகாவிட்டால் கொழும்பில் மெல்லிய கோடாக இருந்தது இங்கே தடித்துப் போய், கம்பியும் அளவுக்கோடும் ஒன்றாகத் தெரியும். சேமிக்கும்போது 2013 வடிவத்தில் சேமித்தால் பழைய ஓட்டோகேட் வைத்திருப்பவருக்கும் திறக்கும். திறக்காத பைலை ஓட்டோடெஸ்க்கின் இலவச டிடபிள்யூஜி ட்ரூவியூ பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும். அனுப்ப முன்பு, பயன்படாதவற்றை நீக்கும் பேர்ஜ், பிழைகளைத் திருத்தும் ஓடிட் ஆகிய இரண்டு கட்டளைகளையும் ஓட்டுங்கள். வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கோட்டு வகைகள் பயனின்றிப் பெருகி, ஒரு சாதாரணத் தளப்படத்தையே பல மெகாபைட்டுக்கு ஊதவைத்திருப்பது சாதாரணம்.

எழுத்துருவைப் பற்றி நமக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. படத்தில் மேசன்மாருக்காகத் தமிழில் குறிப்பு எழுதுவது நல்ல பழக்கம், அதைத் தொடருங்கள். ஆனால் பாமினியில் எழுதினால், பாமினி இல்லாத கணினியில் அந்தக் குறிப்பு ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். 'கவர் 40 மில்லிமீற்றர்' என்பதை யாரும் வாசிக்க முடியாது. யுனிகோட்டில், விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ போன்ற எழுத்துருவில் எழுதுங்கள். ஓட்டோகேட்டின் பழைய எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் வராது. பிடிஎஃப் ஆக்கிய பிறகு கொம்பும் புள்ளியும் இடத்தில் நிற்கின்றனவா என்று ஒருதரம் கண்ணால் பாருங்கள். சிங்களக் குறிப்புக்கும் இதே விதிதான். சைற்றில் இரண்டு மொழியும் பேசுகிறார்கள், இரண்டிலும் எழுதுவது நல்லது.

நில அளவைப் படம் வந்து சேரும்போதுதான் அளவு அலகு குழம்பும். அளவையாளர் மீற்றரில் வரைந்திருப்பார், கட்டடக்கலைஞர் மில்லிமீற்றரில். பைலின் அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிற்ஸ் மதிப்பு மீற்றருக்கு 6, மில்லிமீற்றருக்கு 4. இரண்டு பக்கமும் அது சரியாக இருந்தால் எக்ஸ்ரெஃப் தானாக ஆயிரத்தால் பெருகும். இல்லாவிட்டால் காணி முழுவதும் ஒரு புள்ளியாக மூலையில் கிடக்கும். பொருத்திய பின் ஒரு எல்லைக் கோட்டை அளந்து, உறுதியோடு இணைந்த பிளானில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். பரப்பையும் பாருங்கள்: ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், 20 பேர்ச் காணி ஏறத்தாழ 506 சதுர மீற்றர் காட்ட வேண்டும்.

ஆள்கூறுகளிலும் இரண்டு முறை புழக்கத்தில் இருக்கின்றன. பழைய கண்டவளை முறையில் தொடக்கப் புள்ளிக்கு 200,000, 200,000 மீற்றர் என்று பெறுமதி. 1999ஆம் ஆண்டு முறையில் அது 500,000, 500,000. எண்ணைப் பார்த்தே எது என்று சொல்லலாம். திருகோணமலை நகர்ப் பக்கத்துக் காணி என்றால் புதிய முறையில் கிழக்குப் பெறுமதி 550,000ஐ ஒட்டியும் வடக்குப் பெறுமதி 670,000ஐத் தாண்டியும் வரும். பழையதில் 250,000, 370,000 என்ற பக்கத்தில் நிற்கும். இரண்டு அளவையாளரின் பைல்களை ஒன்றின் மேல் ஒன்று போட்டு, கிழக்குப் பக்கம் 300, வடக்குப் பக்கம் 300 கிலோமீற்றர் தள்ளி விழுகிறது என்றால் காரணம் இதுதான். 300,000ஐக் கழித்துச் சரிசெய்ய வேண்டாம், சில மீற்றர் பிசகும். அளவையாளரிடமே மாற்றித் தரச் சொல்லுங்கள். கடற்கரைக் காணியில் அந்தச் சில மீற்றரும் பெறுமதியானது. 1981இன் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டப்படி சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் பல இந்தக் கணக்குக்குள் வருகின்றன.

ரெவிற் என்ற முப்பரிமாண வரைமென்பொருளில் வரைபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை போதும். மையப் பைலை ட்ரொப்பொக்ஸிலோ கூகிள் ட்ரைவிலோ வைத்துப் பலர் வேலை செய்ய முடியாது, பைல் பழுதாகும். ஒன்றில் கந்தோர் வலையமைப்பில் வையுங்கள், அல்லது அதற்கென்றுள்ள ஓட்டோடெஸ்க் சேவையை வாங்குங்கள். மற்றது, புதிய ரெவிற்றில் சேமித்ததைப் பழையதில் திறக்கவே முடியாது. எந்த வருடப் பதிப்பு என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

சைற்றுக்குப் போவது பிடிஎஃப் மட்டும்

சைற்றுக்கு டிடபிள்யூஜி கொடுக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். போனில் இலவச ஆப் ஒன்றில் திறந்து, விரலால் அளந்து, அதை வைத்து அடித்தளம் குறிப்பார்கள். வரைபவர் அளவைத் தட்டச்சில் மாற்றிவிட்டுக் கோட்டை நகர்த்தாமல் விட்டிருந்தால் அளந்த எண்ணும் எழுதிய எண்ணும் வேறாக இருக்கும். எழுதிய எண்ணே சரி என்ற விதி பிடிஎஃபில்தான் நிலைக்கும்.

பிடிஎஃபை ஓட்டோகேட்டிலிருந்து நேரே எடுங்கள். அச்சடித்து, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணி அனுப்பும் பழக்கம் பைலைக் கனக்க வைக்கிறது. ஏ1 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் பண்ணினால் சுருக்க முன்பு 200 மெகாபைட்டுக்கு மேல் வரும். அதையே 200 டிபிஐயில், வண்ணமும் சாம்பலும் இல்லாத கறுப்பு வெள்ளையாக எடுத்தால் 4 மெகாபைட் அளவு, சுருக்கினால் இன்னும் குறையும். கையொப்பமிட்ட பிரதி கட்டாயம் வேண்டுமென்றால் இந்த இரண்டாவது முறையில் எடுங்கள். ஓட்டோகேட்டிலிருந்து நேரே வந்த பிடிஎஃபில் எவ்வளவு பெருப்பித்தாலும் கோடு உடையாது. அதில் எழுத்துகளின் மேல் மஞ்சள் குறிப்புப் பெட்டிகள் வந்தால் பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் மாறியைப் பூச்சியமாக்குங்கள்.

ஏ1இல் 1:50 ஆக இருந்த படம் ஏ3இல் அச்சடித்தால் 1:100 ஆகிவிடும். தலைப்புக் கட்டத்தில் 1:50 என்றே எழுதியிருக்கும். 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவோடு அச்சடித்தால் அதுவும் இல்லை, ஏதோ ஒரு அளவு. ஒவ்வொரு தாளிலும் அளவுக்கோல் பட்டை ஒன்று வரைந்திருந்தால் அடிமட்டத்தை வைத்துப் பார்த்த உடனேயே பிடிபடும். நகரின் போட்டோகொப்பிக் கடைகளில் கொடுக்கும்போது 'உண்மை அளவில்' என்று வாயால் சொல்வதைவிடத் தாளின் கீழே எழுதிவிடுவது நம்பகமானது.

தலைப்புக் கட்டத்தில் ஒரு கியூஆர் குறியும் போடுங்கள். அது மூன்றாவது போல்டரைத் திறக்க வேண்டும், தனிப் பைலை அல்ல. தனிப் பைலின் லிங்க் என்றால், அந்தப் பைல் காப்பகத்துக்கு நகர்ந்த பிறகும் பழைய படமே திறக்கும். போல்டர் திறந்தால், கையில் உள்ள தாளில் சி01, திரையில் சி02 என்று போர்மனே கண்டுகொள்வார்.

வாட்ஸ்அப்பை விட முடியாது, அதற்குள் ஒரு எல்லை போடலாம்

வாட்ஸ்அப் இல்லாமல் இங்கே எந்தச் சைற்றும் ஓடாது. தடை போட்டால் வேறு குழு தொடங்குவார்கள். அதில் படம் அனுப்புவதை மட்டும் நிறுத்துங்கள். அறிவிப்பு போகட்டும்: "எஸ்-203 சி02 வெளியாகியது, சி01 இரத்து, மாற்றம் சி4 தூணின் கம்பி", கீழே போல்டர் லிங்க். பைலை அனுப்பினால் அது அந்தப் போனில் நிரந்தரமாகக் குந்திவிடும். லிங்க் அனுப்பினால் திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய படம்தான் வரும்.

புகைப்படங்களில் வேறு சிக்கல். வழமையான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் ஆகிய தகவல்களையும் நீக்கிவிடும். கொங்கிறீட் போட முன்பு கம்பி கட்டியதற்குச் சான்றாக எடுத்த படத்துக்கு அந்தத் தகவல்தான் உயிர். 'டொக்கியூமென்ட்' என்று தெரிந்து அனுப்பினால் மூலப் பைல் அப்படியே போகும். அளவுநாடா, தூணின் எண், அன்றைய திகதி எழுதிய அட்டை மூன்றும் ஒரே படத்தில் தெரிய எடுத்து, அன்றன்றே போல்டருக்குள் ஏற்றிவிடுங்கள். குரல் பதிவில் வந்த அறிவுறுத்தலை எழுத்தில் மாற்றி, "இன்று நீங்கள் சொன்னது இது, சரியா" என்று திருப்பி அனுப்பிப் பதில் வாங்குங்கள். மேலதிக வேலைக்குப் பணம் கேட்கும்போது அந்த வரிதான் கைகொடுக்கும். 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்வடிவப் பதிவை அது மின்வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காகத் தள்ள விடுவதில்லை. பதிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இணையம், மின்சாரம், மின்னல்

இறக்கும் வேகத்தைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள், ஏற்றும் வேகம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 1 ஜிபி ஏற நல்ல நிலையிலேயே 27 நிமிடம் பிடிக்கும். விடுதிக்கு முப்பரிமாண மாதிரியும் ரெண்டர் படங்களும் இருந்தால் இரவில் ஏற விடுங்கள். கந்தோரில் இரண்டு மூன்று கணினிகளுக்கிடையே என்றால் சிங்திங் போன்ற திறந்த மென்பொருள் உள் வலையமைப்பிலேயே ஒத்திசைக்கும், இணைய டேட்டா செலவாகாது. ஆனால் முரண்பட்ட பிரதிப் பிரச்சினை அதிலும் உண்டு. ஒரு பைலுக்கு ஒரு சொந்தக்காரர் என்ற விதி அங்கேயும் பொருந்தும்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வரை மின் வெட்டிய காலம் போய்விட்டது. மழைக்காலத்தில் நொடிக்கணக்கில் வெட்டி வரும் மின்சாரம் இன்னும் இருக்கிறது. பைலைக் கெடுப்பது அந்தச் சிறு வெட்டுத்தான்: சேமிக்கும் நடுவில் நாஸ் நின்றால் டிடபிள்யூஜி பாதியில் முறியும். நாஸ், றவுட்டர், பைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 50 வாட்டுக்குக் கிட்டத்தான் எடுக்கும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று அரை மணித்தியாலமளவு தாங்கும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரை நாஸில் செருகுங்கள். பற்றரி இறங்கும்போது நாஸ் தானே முறையாக நின்றுகொள்ளும். அந்த வயர் பெட்டிக்குள்ளேயே கிடப்பதைப் பல கந்தோர்களில் பார்க்கலாம்.

ஒக்ரோபர், நவம்பர் இடிமழையில் மின்னல் மின்வழியால் மட்டும் வருவதில்லை. செப்புத் தொலைபேசிக் கம்பியாலும் வரும், இரண்டு கட்டடங்களுக்கிடையே வெளியில் இழுத்த நெற்வேர்க் கேபிளாலும் வரும். சைற் கந்தோரிலிருந்து களஞ்சியத்துக்குக் கேபிள் இழுப்பதானால் பைபர் போடுங்கள், அல்லது வைபை பாலம் வையுங்கள். செப்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் எப்படியும் வேலை செய்யாது. கடலோரச் சைற்றில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும், நாஸை அங்கே வைக்காதீர்கள். நகரக் கந்தோரில், நிலத்திலிருந்து உயர்த்தி, மூடிய அறையில் வையுங்கள்.

நாஸில் இரண்டு டிஸ்க் ஒன்றுக்கொன்று பிரதியாக இருப்பதைக் காப்புப் பிரதி என்று நம்பிவிடுகிறார்கள். டிஸ்க் பழுதானால் அது காக்கும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒன்றாக அழியும். பணயம் கேட்கும் வைரஸ் புகுந்தாலும் அதே கதை: இணைத்து வைத்த ட்ரைவ்களையெல்லாம் அது பூட்டும், பூட்டிய பைல்கள் கூகிள் ட்ரைவ் போன்ற இணையச் சேமிப்பகத்துக்கும் ஒத்திசையும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை, எஸ்எம்பி-1 என்ற பழைய பகிர்வு முறையின் ஓட்டையால்தான் கணினிக்குக் கணினி தாவியது. விண்டோஸ் அதைப் பின்னர் நிறுத்தி வைத்தது. பழைய நாஸ் ஒன்று தெரியவில்லை என்பதற்காக அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம், நாஸைப் புதுப்பியுங்கள். பகிர்வுக்கான போர்ட் (வலையமைப்பு வாசல்) 445ஐ இணையத்துக்குத் திறந்து விடவும் வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடத்துப் பிரதி வெளி டிஸ்க்காக இருந்தால் கிழமைக்கு ஒருதரம் செருகி, பிரதி எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் பூட்டப்படும். கூகிள் ட்ரைவ் பழைய பதிப்புகளை 30 நாளே வைத்திருக்கும். வேண்டியதை 'என்றும் வைத்திரு' என்று குறிக்க வேண்டும்.

பதிவேடு

இத்தனை ஏற்பாட்டிலும் ஒன்றை மட்டும் செய்யலாம் என்றால் பதிவேட்டைத் தெரியுங்கள். ஒரு எக்செல் தாள்: தாள் எண், தலைப்பு, ரிவிஷன், வெளியிட்ட திகதி, என்ன மாறியது, யாருக்குப் போனது, பழைய அச்சுப் பிரதி திரும்ப வந்ததா. கடைசிக் கட்டத்தை நிரப்புவதில்தான் எல்லோரும் சோர்ந்துவிடுகிறார்கள். சைற்றில் எத்தனை அச்சுப் பிரதி இருக்கிறது என்று தெரியாமல் புதியதைக் கொடுத்துப் பயனில்லை. பிரதிகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுங்கள். புதியதைக் கொடுக்கும் கையாலேயே பழையதை வாங்கி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, ஒரு பிரதியை மட்டும் கோப்பில் வைத்து மற்றதைக் கிழித்துவிடுங்கள். மழையில் ஊறும் என்பதால் லமினேற் பண்ணுவார்கள். லமினேற் பண்ணிய தாளை எறிய யாருக்கும் மனம் வராது, அதுவே பழைய படம் சுற்றக் காரணமாகிறது. பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தால் தாளை மட்டும் மாற்றலாம்.

மாற்றத்தைப் படத்திலேயே மேக வடிவக் கோட்டால் சுற்றி, பக்கத்தில் ரிவிஷன் எண்ணை முக்கோணத்துக்குள் போடுங்கள். அடுத்த ரிவிஷன் வரும்போது முந்தைய மேகத்தை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எது இப்போதைய மாற்றம் என்று தெரியாது.

பிரதேச சபைக்குச் சமர்ப்பித்து அனுமதி வாங்கிய படங்களுக்குத் தனிப் போல்டர் வையுங்கள், யாரும் தொடாதபடி. கட்டும் படம் பல ரிவிஷன் தாண்டி அதிலிருந்து விலகிப் போயிருக்கும். ஜன்னல் எல்லைப் பக்கம் நகர்ந்திருக்கும், படிக்கட்டு திரும்பியிருக்கும். கட்டி முடித்து, அனுமதிப்படி கட்டியதற்கான சான்றிதழான சீஓசிக்கு விண்ணப்பிக்கும்போது ஒப்பிடுவது அனுமதித்த படத்தோடுதான். ஒவ்வொரு சி ரிவிஷனிலும் "அனுமதித்த படத்திலிருந்து விலகுகிறதா" என்று பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்த்தால், திருத்தப் படம் கொடுக்க வேண்டிய நேரம் முன்பே தெரியும்.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது, கட்டியபடி திருத்திய படங்களைப் பிடிஎஃபாகவும் டிடபிள்யூஜியாகவும் இரண்டு வடிவிலும் கொடுங்கள். பைண்ட் கட்டளையால் எக்ஸ்ரெஃபுகளை ஒரே பைலுக்குள் கட்டிவிட்டுக் கொடுத்தால், பத்து வருடம் கழித்து மேல்மாடி ஏற்ற வருபவருக்குத் துணைப் பைல் தேட வேண்டியிருக்காது. நிலத்தடிக் குழாய், வயர், செப்ரிக் தாங்கி ஆகியவற்றின் இடத்தை நிரந்தரச் சுவர் மூலை ஒன்றிலிருந்து மீற்றரில் குறியுங்கள், மூடமுன் எடுத்த புகைப்படத்தையும் சேருங்கள். பதிவேட்டின் கடைசி வடிவத்தையும் பிடிஎஃபாக்கி அதோடு வையுங்கள். வீட்டுக்காரருக்கு லிங்க் மட்டும் கொடுத்தால் உங்கள் கணக்கு மூடும் நாளில் அவரிடம் ஒன்றும் இராது. பென்ட்ரைவில் ஒரு பிரதி, அவருடைய சொந்த ட்ரைவில் ஒரு பிரதி என்று போட்டுக் கொடுத்து, இரண்டையும் அவர் முன்னாலேயே திறந்து காட்டி, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.